ஆப்பா, ஆயாக் கொட்டகையா? தோட்டத்து நினைவுக்கு வந்த 20,000 வெள்ளி

எங்கள் தோட்டம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து காரில் கால் மணி நேரம். தோட்டம் என்று பழக்கத்தில்தான் சொல்கிறோம். கித்தா (ரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள், ஆட்கள் தாமான் என்னும் புதுக் குடியிருப்புகளுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது மாரியம்மன் கோயிலும், வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையின் நான்கு சுவரும், அப்புறம் கோயில் பொருளாளர் வீட்டு அலமாரியில் இருக்கும் இரண்டு பிஸ்கட் டின்களும்.

டின்களுக்குள் நானூற்று முப்பது புகைப்படம், தொழிலாளர் வருகையும் சம்பளமும் எழுதிய மூன்று செக்ரோல் புத்தகம், 1950களில் தொடங்கும் கோயில் வரவு செலவுக் கணக்கு, தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த ரஜூலா கப்பலுக்கு யாரோ ஒரு தாத்தா வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த டிக்கெட். போன வருடத் திருவிழாவுக்கு வந்த பழைய தோட்டத்து ஆட்கள் இவற்றைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் ஏதாவது செய்யுங்கள்" என்று 20,000 வெள்ளி (ரிங்கிட்) சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த 'ஏதாவது' என்ற சொல்லில்தான் வம்பு தொடங்கியது.

பொருளாளர் சொல்வது: முகநூலில் போடலாம், செலவே இல்லை. இளைஞர் அணித் தம்பி சொல்வது: "அண்ணே, ஆப் செய்வோம், கண்ணாடி மாட்டினால் லயத்துக்குள் நடக்கலாம்." ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயாவுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் மேல்தான் நம்பிக்கை. தலைவருக்கு ஆயாக் கொட்டகையைச் செப்பனிட்டுச் சின்னக் காட்சியகமாக்க ஆசை. சுற்றுப்பயணிகள் வருவார்கள், பட்டணத்துக் கடைகளுக்கு நாலு காசு சேரும் என்பது அவர் கணக்கு. நான் ஈப்போவில் அச்சகத்தில் வேலை பார்த்தவன். ஸ்கேன், படம், கோப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே குழுவில் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். அதனால் நான்கையும் ஒப்பிட்டு எழுதிவரும் வேலை என் தலையில் விழுந்தது.

எடை போடுவதற்கு இரண்டு கேள்வியை வைத்துக்கொண்டேன். இருபது வருடம் கழித்து, இந்தக் குழுவில் ஒருவரும் இல்லாதபோது என்ன மிஞ்சும்? அப்புறம் தலைவருடைய கேள்வி: ஊருக்கு என்ன வரும்?

முகநூலைக் குறைத்துப் பேச மாட்டேன். ஏற்கெனவே அங்கே எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கும் படம் ஒன்றைப் பொருளாளரின் மகள் ஒரு ராத்திரி ஏற்றினாள். விடிவதற்குள் ஜொகூரிலிருந்து ஒருவர், "மூன்றாவது வரிசையில் தலைப்பாகை கட்டியவர் என் அப்பா, இப்படி ஒரு படம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது" என்று எழுதியிருந்தார். எந்தக் காட்சியகமும் இவ்வளவு வேகமாக ஒரு மகனைத் தேடிப் பிடிக்காது.

மூன்று மாதம் கழித்து அதே படத்தைத் தேடினேன். திருவிழா அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, யாரோ விற்ற காய்கறி விளம்பரம் எல்லாவற்றுக்கும் அடியில் அது புதைந்து கிடந்தது. கிடைத்த படமும் ஏற்றும்போதே சுருக்கப்பட்டது. பெரிதாக்கினால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இன்னொரு பயமும் உண்டு. வேறு ஒருவர் வீட்டுத் திண்ணையில் நம் பெட்டியை வைத்திருக்கிறோம். 2019இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. அதே வருடம், 12 வருடங்களாக ஆட்கள் ஏற்றிவைத்த பாட்டுகளைச் சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டதாக மைஸ்பேஸ் சொன்னது. ஆகவே முகநூலை நோட்டீஸ் பலகையாக வைத்துக்கொள்ளலாம், பெட்டகமாக வைத்துக்கொள்ள முடியாது. அங்கே வரும் பதில்களை மட்டும் வாரம் ஒருமுறை படியெடுத்துப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். நமக்கு வேண்டிய பெயர்கள் அந்தப் பதில்களில்தான் வருகின்றன.

ஆப் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி கோலாலம்பூரிலிருந்து ஒரு நிறுவனத்தாரைக் கூட்டிவந்தான். அவர்கள் கேட்டது 38,000 வெள்ளி, வருடாவருடம் பராமரிப்புக் கட்டணம் தனி. மாதிரிக்கு ஒரு லயத்தைக் கணினியில் கட்டிக் காட்டினார்கள். ஓட்டுக்கூரை, முன்னால் திண்ணை, வாசலில் கோலம், ஓரத்தில் ஒரு மாட்டு வண்டி. கித்தா மரத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது எந்த ஊரு அய்யா? நம்ம லயத்துல தகரக் கூரைதானே, மழை பெஞ்சா பக்கத்துல பேசுறதுகூடக் கேக்காதே" என்றார். அவர்களைக் குறைசொல்லவில்லை. லயம் எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுக்க எங்களிடமே அன்று எதுவும் இல்லை.

பணம் இருந்தாலும் ஆப் வேண்டாம் என்றே சொல்வேன். ஆண்ட்ராய்டு பதிப்பு மாற மாற ஆப்பையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பிக்காத ஆப் நாளடைவில் புதுக் கைப்பேசிகளில் கிடைக்காமல் போகும். கோயில் குழுவால் எத்தனை வருடம் கட்டணம் கட்ட முடியும்? கட்ட முடியாத வருடத்தில் லயம் இரண்டாம் முறை இடிபடும்.

தம்பி கேட்டதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆயாக் கொட்டகை நிற்பது தோட்ட நிறுவனத்தின் நிலத்தில். நாளைக்கே புல்டோசர் வந்தால் கேள்வி கேட்க நமக்கு உரிமை இல்லை. ஒரு கட்டடத்தைச் சுற்றி உள்ளும் புறமும் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி இருநூறு முந்நூறு படம் எடுத்தால், அவற்றிலிருந்து முப்பரிமாண உரு செய்யும் மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. மேகமூட்டமான ஒரு காலைப்பொழுது போதும், நிழல் விழாது. தம்பிக்கு அது தெரியும். அடுத்த சனிக்கிழமையே செய்துவிடட்டும்.

வாத்தியார் ஐயாவின் யோசனையில் கனம் அதிகம். ஆவணக் காப்பகம் 1957இலிருந்து இருக்கிறது. குளிரூட்டிய அறையும் பயிற்சி பெற்ற ஆட்களும் அங்கே உண்டு. நம் பிஸ்கட் டின்னில் இருப்பது ராமபாணப் பூச்சி. ஆனால் மூலங்களை மொத்தமாகக் கோலாலம்பூருக்குக் கொடுத்துவிட்டால், படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடிய பாட்டிக்கும் படத்துக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் விழுந்துவிடும். பெயர் எழுதப்படாமல் போகும் படம், எவ்வளவு குளிரான அறையில் இருந்தாலும், யாரோ சில கூலிக்காரர்களின் படம்தான்.

இதில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் திரட்டும் நூலகம் திட்டம் 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கியது. புத்தகம், பத்திரிகை மட்டுமில்லாமல் கோயில் மலர், பள்ளி மலர், துண்டுப் பிரசுரம்வரை அங்கே சேர்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அந்தக் காலத் தமிழர் செய்திகளை வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். அதே சமயம், 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தின் பட்டியல் மாதக்கணக்கில் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. ஒரே இடத்தை நம்பக் கூடாது என்பதுதான் இதில் நான் எடுத்துக்கொண்டது. ஒரு படி கோயிலில், ஒரு படி வேறு ஊரில் உறுப்பினர் வீட்டில், ஒரு படி இணையத்தில். மூலம் டின்னை விட்டு அமிலமில்லாத உறைக்கு மாறி, இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும். வேலை முடிந்த பிறகு காப்பகத்திடம் பேசலாம்.

இணையத்தில் எங்கே? விக்கிமீடியா பொதுவகத்தில் இடத்துக்குக் காசு கிடையாது, லாப நோக்கமும் இல்லை. ஆனால் அங்கே போடுவதை யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்கும் சேர்த்து, எடுத்துப் பயன்படுத்தலாம் என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். திருவிழாப் படத்துக்கும் கோயில் கோபுரத்துக்கும் அது சரி. டின்னில் ஒரு சாவு வீட்டுப் படம் இருக்கிறது. அழுகிற அந்தப் பெண்ணின் பிள்ளைகள் பட்டணத்தில்தான் இருக்கிறார்கள். செக்ரோல் புத்தகத்தில் யார் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை, யாருக்கு எவ்வளவு முன்பணம் பிடித்தார்கள் என்று இருக்கிறது. கோயில் கணக்கின் பழைய பக்கங்களில் எந்த வீட்டிடம் வரி வாங்கினார்கள், எந்த வீட்டிடம் வாங்கவில்லை என்று இருக்கிறது; ஏன் வாங்கவில்லை என்பது வாசிக்கிறவருக்குப் புரிந்துவிடும். வரலாறு என்ற பெயரில் இதையெல்லாம் அப்படியே உலகத்துக்கு விரித்து வைத்தால், அடுத்த திருவிழாவில் சில குடும்பங்கள் வராது. ஆகவே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்வோம், எல்லாவற்றையும் காட்ட வேண்டாம். குடும்பத்தாரைக் கேட்டுத்தான் வெளியிட வேண்டும்.

தலைவரின் காட்சியகம். இதைப் பற்றி அதிகம் யோசித்தேன், ஏனென்றால் எனக்கே அந்த ஆசை உண்டு. பேராக்கில் இதற்கு நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. ஈப்போவில் ஹான் சின் பெட் சூ என்ற ஹக்கா ஈயச் சுரங்கக்காரர்களின் பழைய கிளப்பைச் செப்பனிட்டு 2015இல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அதைச் செய்த ஈப்போ வேர்ல்ட் குழு இணையத்திலும் பழைய ஈப்போவின் படங்களைத் திரட்டி வைத்திருக்கிறது. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய, நீரில் மிதந்தபடி ஈயம் தோண்டிய ஈயக் கப்பலைப் பார்க்க ஆட்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். பத்து காஜா பக்கத்தில் கெல்லி மாளிகை இருக்கிறது. அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற துரையின் உருவத்தைச் சாமி சிலைகளுக்கு நடுவே, கோட்டு சூட்டோடு, பக்கத்து மாரியம்மன் கோயிலில் வைத்திருக்கிறார்கள். மாளிகைக்குப் போன கூட்டத்தில் எத்தனை பேர் அந்தக் கோயிலுக்கும் போகிறார்கள் என்று ஒரு நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் ஒரே ஒரு குடும்பம் வந்தது, அதுவும் வழி தவறி. மாளிகைக்கு டிக்கெட்டும் பலகையும் பேய்க்கதையும் இருக்கின்றன. கோயிலுக்குக் கதை சொல்ல ஆள் இல்லை.

சுங்கை சிப்புட்டில் கதைக்குப் பஞ்சம் கிடையாது. 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று துரைமார்கள் (வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள்) கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதையொட்டி வந்த அவசரகாலம் 1960வரை நீடித்தது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்க 1960இல் அவர் தொடங்கியதுதான் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். 1954இல் விஜயலட்சுமி பண்டிட் திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலையில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். இங்கிருந்து வடக்கே கோலகங்சாரில், 1877இல் வந்த முதல் கித்தா நாற்றுகளில் வளர்ந்த ஒரு மரம் இன்னும் நிற்கிறது. இடிஎஸ் விரைவு ரயில் நம் பட்டணத்திலேயே நிற்கிறது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் பிரமாதமான ஒரு நாள் பயணம்.

ஆனால் 20,000 வெள்ளியில் கூரை போடலாம், தரை போடலாம். யார் கதவைத் திறப்பது? நிலம் நம்முடையதும் இல்லை. வெள்ளைக்காரப் பயணி பினாங்குக்குப் போகிற வழியில் நம் செம்பனைக்குள் இறங்குவார் என்று நம்பி நம்மிடம் இருக்கும் ஒரே பணத்தைச் சுவரில் பூச எனக்கு மனசு வரவில்லை.

தலைவர் வேறு பக்கம் பார்க்கிறார் என்று தோன்றுகிறது. வருகிறவர்கள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். திருவிழா மூன்று நாளும் கோயிலைச் சுற்றிக் கார் நிறுத்த இடம் கிடையாது. ஷா ஆலம், கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று போனவர்கள் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள். அர்ச்சனை, அன்னதானம், இரண்டு செல்ஃபி, சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் அவர்களை இன்னும் ஒரு நாள் நிற்கச் சொன்னதே இல்லை. நின்று பார்க்க எதுவும் வைத்திருக்கவும் இல்லை. போன வருடம் அந்த டின்னைத் திறந்து மேசையில் வைத்தபோது என்ன நடந்தது? பதினைந்து வயதுப் பையன் ஒருவன், கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, செக்ரோலில் கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடினான். அரை மணி நேரம். அவனுடைய குடும்பம் அன்று ராத்திரி பட்டணத்தில் தங்கியது, ஹோட்டலில் படுத்தது, காலையில் தோசை சாப்பிட்டது, பூக்காரம்மாவிடம் மாலை வாங்கியது. ஊர் வளர்ச்சி என்று தலைவர் சொல்வது இந்த அளவில்தான் முதலில் வரும்.

அந்தப் பையன் தாத்தா பெயரைக் கண்டுபிடிக்கவில்லை. காரணம் எளிது: ஒரே முனியாண்டியை மூன்று கிராணிமார்கள் (தோட்டத்து எழுத்தர்கள்) ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், அடையாள அட்டையில் நான்காவது விதம் இருக்கும். ஸ்கேன் மட்டும் செய்து இணையத்தில் போட்டால் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு பெயரையும் தமிழில் ஒரு முறை, கிராணி எழுதியபடி ஒரு முறை, வீட்டில் கூப்பிட்ட பட்டப்பெயரோடு ஒரு முறை பதிய வேண்டும். கையெழுத்தைத் தானாகப் படிக்கும் மென்பொருளை எங்கள் கிராணியின் எழுத்தில் சோதித்தேன். அது வாசித்ததில் பாதி மனிதர் பெயராகவே இல்லை. ஆள்தான் வேண்டும்.

செலவு எங்கே என்று தெரியும்படி ஒரு சின்னக் கணக்கு. நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), சுருக்காமல், வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 26 எம்பி. 430 படமும் சேர்ந்து 11 ஜிபி. சாதாரண பென்டிரைவில் அடங்கும். என் மகள் எடுத்த தீமிதி வீடியோக்கள் அதைவிட அதிகம். முகங்கள் மிளகளவு தெரிகிற படத்தை அந்தக் கோப்பிலிருந்து ஏ2 அளவில் அச்சடித்துச் சுவரில் மாட்டலாம். ஒரு படத்துக்கு நாலு நிமிடம் என்றால் இருபத்தொன்பது மணி நேரத்தில் ஸ்கேன் முடிந்துவிடும். எழுபது எண்பதுகளின் ஒட்டு ஆல்பத்தில் பசையோடு ஒட்டிய படங்களைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்ய வேண்டும், பின்பக்கம் எண் போடுவதானால் மெல்லிய பென்சிலில்தான், பேனா கூடாது. இந்த வேலையைக் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் முடிப்பார்கள்.

பெயர் வாங்குவது அப்படி இல்லை. சோதனைக்காக அந்தப் பெரட்டுக் களப் படத்தை எடுத்துக்கொண்டு, தகரக் கூரை பற்றிச் சொன்ன அதே பாட்டியின் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் '1962' என்று மட்டும் இருக்கிறது. முப்பத்தொரு முகம். பாட்டி விரல் வைத்து வைத்துச் சொன்னார்: கோணக்கை, அவன் தம்பி, கண்டெக்டர் வீட்டுச் சமையல்காரி, மேற்கு வெட்டுக்காட்டு மண்டோர், மருதாயி, மருதாயியின் நாத்தனார். இரண்டாம் வரிசை நடுவில் வந்ததும் விரல் நின்றது. "இது அவுங்க" என்றார். யார் பாட்டி என்றேன். "அவுங்கதான்." பக்கத்தில் இருந்த மருமகள் சிரித்துவிட்டு, "மாமா பேரை அத்தை சொல்ல மாட்டாங்க" என்றார். செக்ரோலைத் திறந்து அந்த வருடத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு பெயரில் பாட்டி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தலையாட்டினார். ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம், இரண்டு தேநீர். முப்பத்தொரு முகத்தில் பத்தொன்பது பெயர் கிடைத்தது.

அன்று பதிவு செய்யாமல் விட்டது என் தவறு. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்த் திரும்பாமல் போன தன் சித்தப்பாவைப் பற்றியும் பாட்டி பேச்சுவாக்கில் சொன்னார். அந்தப் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகவே நான் குழுவின் முன் வைக்கப்போவது இது. நல்ல தட்டை ஸ்கேனருக்கு 1,000 வெள்ளி, இரண்டு வன்தட்டுக்கு 800. இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 45 நாள், நாளுக்கு 100 வெள்ளி வீதம் 9,000. ஊரூராகப் போய்ப் பெரியவர்களின் குரலைப் பதிய, பெட்ரோலும் சாப்பாடும் சேர்த்து 2,500. உறை, கோயில் மண்டபத்தில் ஒரு பூட்டு அலமாரி, சுவரில் பெரிய படங்கள், கைப்பேசியில் காட்டினால் படங்கள் திறக்கும் கியூஆர் பலகைகள் எல்லாம் 2,700. மீதி 4,000 வெள்ளியைத் தொடவே கூடாது. வன்தட்டு சாகும், அப்போது வேண்டும். பாதிப் பணம் பெயருக்கும் குரலுக்கும் போவது சிலருக்கு உறுத்தும். கையில் காட்ட ஒன்றும் இல்லையே என்பார்கள். முதல் திருவிழாவிலேயே பெயர் போட்ட இருபது ஏ2 படங்கள் சுவரில் தொங்கும், வேண்டியவர்கள் காசு கொடுத்துப் படி எடுத்துக்கொள்ளலாம்.

திருவிழாவுக்கு மறுநாள் காலை ஒரு நடை வைக்கலாம். இன்னும் பால் இருக்கிற நாலைந்து கித்தா மரம் கோயிலுக்குப் பின்னால் நிற்கிறது. வெட்டுக்கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பட்டையைச் சீவி, பால் பிடிக்கும் மங்கில் முதல் சொட்டு விழுவதைப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். அதற்கு ஆப் வேண்டாம், ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். இரண்டு வருடம் இது நடந்து, தங்குகிறவர்கள் எண்ணிக்கை கூடினால், தோட்ட நிறுவனத்திடம் ஆயாக் கொட்டகைக்காகப் போய் உட்காரத் தலைவரோடு நானும் வருவேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கியூஆர் பலகை எத்தனை என்றுதான் தலைவர் முதலில் கேட்பார். மூன்று என்று சொல்லப்போகிறேன்: கோயில் வாசல், ஆயாக் கொட்டகை, பெரட்டுக் களம். நான்காவதாகக் கித்தாப் பால் ஸ்டோர் இருந்த இடத்தையும் நினைத்தேன். போய்ப் பார்த்தேன், செம்பனைக்கு நடுவே எது அந்த இடம் என்று எனக்கே பிடிபடவில்லை. பாட்டியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், காலையில்.